என்கிளெக்ஸ்: இரண்டாம் தடவைக்குப் படிப்பது வேறு படிப்பு

"எத்தனாவது கேள்வியில நின்னுச்சு?"

என்கிளெக்ஸ் ஃபெயில் என்று சொன்னதும் கூட வேலை பார்க்கிற நர்ஸுகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். 85 என்றால் ஒரு விதமான உச்சுக்கொட்டல், 150 என்றால் இன்னொரு விதம். எனக்கு 150 வரை ஓடியது. "அவ்வளவு தூரம் போயுமா!" என்றார்கள். நர்ஸ் அல்லாத சொந்தக்காரர்களின் கேள்வி வேறு: "எத்தனை மார்க்ல போச்சு?" இரண்டுக்குமே நேரான பதில் கிடையாது. ஏன் கிடையாது என்று புரிந்த பிறகுதான் என்னால் மறுபடி படிக்க உட்கார முடிந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய உரிமத் தேர்வு இது. அங்குள்ள மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு இதை நடத்துகிறது. 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களுக்கும் இதுதான். 2020 முதல் ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டில் படித்த நர்ஸுகளில் ஒரு பகுதியினரை இதே தேர்வை எழுதச் சொல்கிறது. இந்த மூன்றில் எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் சென்னையில் உள்ள பியர்சன் வியூ மையத்திலேயே எழுதிவிடலாம்.

மார்க் இல்லாத தேர்வு

நம் ஊர்த் தேர்வுகளில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், குறிப்பிட்ட மார்க் எடுத்தால் பாஸ். இங்கே அப்படி இல்லை. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பினால் கொஞ்சம் எளிதாக வரும். நம் திறன் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கணினி ஒவ்வொரு பதிலுக்கும் திருத்திக் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறது. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் 5 மணி நேரம். முதல் 85இல் 15 கேள்விகள் கணக்கிலேயே சேராது. அவை வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, எவை என்று நமக்குத் தெரியாது. நாம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே என்றோ கீழே என்றோ கணினிக்கு 95 விழுக்காடு உறுதி வந்ததும் தேர்வு முடிந்துவிடும். உறுதி வராவிட்டால் 150 வரை இழுக்கும்.

ஆக, 85இல் நின்றவர் தெளிவாகப் பாஸானவராகவும் இருக்கலாம், தெளிவாகத் தவறியவராகவும் இருக்கலாம். 150 வரை போனவர் கோட்டை ஒட்டியே நடந்தவர். இன்னொரு விஷயம், இந்த முறையில் கெட்டிக்காரருக்கும் சுமாரானவருக்கும் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் தப்பாகத்தான் போகும். கெட்டிக்காரருக்குக் கடினமான கேள்விகளில் பாதி, சுமாரானவருக்கு எளிய கேள்விகளில் பாதி, அவ்வளவுதான் வித்தியாசம். "எதுவுமே தெரியாத மாதிரி இருந்துச்சு" என்று பாஸானவர்களும் அழுதுகொண்டே வெளியே வருவதற்குக் காரணம் இதுதான். எனவே தேர்வறையில் நமக்கு என்ன தோன்றியது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. போன தடவை எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்து மாய்வதும் வீண்.

அறிக்கையை வாசிப்பது

ஃபெயிலானவர்களுக்கு மட்டும் ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். அதில் எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்ச்சி மட்டத்துக்கு மேலே, அருகே, கீழே என்று மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். மார்க் எதுவும் கிடையாது. பலர் இதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திறந்து பார்க்கவே மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டாம் தடவைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடைக்காது.

என் அறிக்கை இப்படி இருந்தது. உடலியல் சார்ந்த பிரிவு மேலே. ஐசியூவில் வேலை பார்ப்பவளுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மருந்துகள் அருகே. மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் கீழே, மனநலமும் சமூகமும் சார்ந்த பிரிவு கீழே. வென்டிலேட்டர் அலாரத்தைக் காதால் கேட்டே என்ன பிரச்சினை என்று சொல்லத் தெரிந்தவள், எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்பதிலும், நோயாளியிடம் என்ன பேசுவது என்பதிலும் கோட்டை விட்டிருக்கிறாள்.

கேள்விகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தேன். 2023இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் 15 முதல் 21 விழுக்காடு. எட்டில் அதுதான் பெரிய பிரிவு. அடுத்தது மருந்துகள், 13 முதல் 19. நம் நர்சிங் கல்லூரியில் மேலாண்மை என்பது நான்கு தியரியை மனப்பாடம் செய்து எழுதுகிற பேப்பர். இங்கே அதுதான் தேர்வின் முதுகெலும்பு.

மறுமுறை எழுதுபவர்களின் தேர்ச்சி விகிதம் முதல்முறை எழுதுபவர்களுடையதைவிடக் குறைவு என்று கூட்டமைப்பே ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரம் காட்டுகிறது. இவர்களெல்லாம் உழைக்காதவர்களா? இல்லை. நான் பார்த்த வரையில், ஃபெயிலானதும் அதே கைடை எடுத்து முதல் பக்கத்திலிருந்து இன்னும் அதிக நேரம் படிக்கிறோம். தெரிந்தது இன்னும் நன்றாகத் தெரிகிறது, "கீழே" என்று வந்த இரண்டு பிரிவும் அங்கேயே கிடக்கின்றன.

எல்லாம் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரி

இந்தத் தேர்வுக்குள் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஆள் பற்றாக்குறை கிடையாது, கையுறை தீர்ந்துபோகாது, நெகட்டிவ் பிரஷர் அறை எப்போதும் காலியாக இருக்கும். டாக்டரின் ஆர்டர்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். நோயாளியின் பெரியப்பா வந்து சத்தம் போட மாட்டார். நம் வார்டு அனுபவத்தை வைத்து அங்கே பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம். மூன்று இடங்களில் இதை நன்றாக உணர்ந்தேன்.

முதலாவது, யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது. அமெரிக்க வார்டில் பதிவுபெற்ற நர்ஸுக்குக் கீழே எல்பிஎன், அதற்கும் கீழே உதவியாளர் என்று அடுக்கு உண்டு. முதல் மதிப்பீடு, கற்பித்தல், நோயாளியின் நிலையை எடைபோட்டு முடிவெடுத்தல் ஆகிய மூன்றையும் பதிவுபெற்ற நர்ஸ் யாரிடமும் கைமாற்ற முடியாது. எல்பிஎன் நிலையாக இருக்கிற நோயாளியைப் பார்த்துக்கொள்ளலாம், வழக்கமான மருந்து கொடுக்கலாம், ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததை நினைவூட்டலாம். உதவியாளர் குளிப்பாட்டலாம், நடக்கவைக்கலாம், நிலையான நோயாளிக்கு பிபி பார்க்கலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு யார் சோறு ஊட்டுவது? நம் ஊரில் அம்மாவோ அக்காவோ மனைவியோ ஊட்டுவார். தேர்வில் உதவியாளரிடம்கூட அதைக் கொடுக்கக் கூடாது, புரையேறினால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிடம் நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே நிற்க வேண்டும், "பாத்துக்கோம்மா" என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இரண்டாவது, யாரை முதலில் பார்ப்பது. நானே எழுதிப் பழகிய ஒரு கேள்வி: டியூட்டி எடுத்ததும் நான்கு பேர். சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 90. குடல்வால் அறுவை முடிந்தவருக்கு வலி பத்துக்கு ஏழு. சர்க்கரை 210 உள்ளவர் இன்சுலினுக்குக் காத்திருக்கிறார். தைராய்டு அறுவை முடிந்து ஆறு மணி நேரமான ஒருவர், வாயைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது என்கிறார். 90 என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும், மூச்சுதானே முதலில் என்று. ஆனால் சிஓபிடிக்காரருக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்த்ததுதான். வலியும் எதிர்பார்த்ததுதான். மதமதப்பு எதிர்பாராதது. கால்சியம் இறங்குகிறது, அடுத்து குரல்வளை இறுகி மூச்சே அடைக்கலாம். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு மோசம் என்று பார்க்காமல், இந்த நோயாளிக்கு இது எதிர்பார்த்ததா என்று கேட்கப் பழகுவதற்கே எனக்கு நெடுநாள் ஆனது.

மூன்றாவது, பேச்சு. மார்பகத்தை அகற்றப் போகிற ஒரு பெண், "இனிமே என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்" என்கிறார். நம் வார்டில் என்ன சொல்வோம்? கையைப் பிடித்துக்கொண்டு "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது, சாமி பாத்துக்கும்." தேர்வில் இது தப்பு. நம்மால் உறுதி தர முடியாததற்கு உறுதி தருகிறோம், அவர் மேற்கொண்டு பேசுவதற்கும் வழியை அடைத்துவிடுகிறோம். "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்பதும் தப்பு, விசாரணை மாதிரி ஆகிவிடும். "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பது தட்டிக்கழிப்பு. "ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எப்படி இருக்குமோன்னு கவலையா இருக்கு, இல்லையா?" என்று அவர் சொன்னதையே எடுத்து அவரிடம் நீட்டுவதுதான் சரியான பதில்.

இதை முதலில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. நம் ஆறுதலில் என்ன குறை? இப்போதும் கையைப் பிடித்துக்கொள்வதில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நைட் டியூட்டியில், பைபாஸுக்கு முந்தைய நாள் தூங்காமல் கிடந்த ஒரு பெரியவரிடம் "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொல்ல வாய்வரை வந்ததை நிறுத்திவிட்டு, "பயமா இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டேன். பேச ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். ஆபரேஷனைப் பற்றி அல்ல, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றி. அந்த ஆஸ்பத்திரியின் பழக்கங்களில் சிலவற்றை நம் வார்டிலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

மூன்று காலம் போட்ட நோட்டு

இப்போது நான் படிக்கிற முறையைச் சொல்கிறேன். பாடம் படிப்பதைக் குறைத்துக் கேள்விகளை அதிகமாக்கினேன். யூவேர்ல்டு, ஆர்ச்சர் என்று கொஸ்டின் பேங்குகள் நிறைய இருக்கின்றன. எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஒன்றை முழுமையாகச் செய்தால் போதும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேள்வி போட்டேன் என்று பெருமை பேசுவதில் பயன் இல்லை. கேள்வி போடுகிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விளக்கம் படிக்கப் போக வேண்டும், சரியாகப் போட்ட கேள்வியின் விளக்கத்தையும் சேர்த்து.

தப்பான ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் கோடு போட்டுப் பிரித்த மூன்று காலங்களில் ஒன்றில் எழுதுகிறேன். முதல் காலம்: தெரியாது. இரண்டாவது: தெரியும், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. மூன்றாவது: தெரியும், ஆனால் நம்ம வார்டு மாதிரி பதில் சொல்லிவிட்டேன். முதல் காலம்தான் நிரம்பும் என்று நினைத்தேன். நிரம்பியது மூன்றாவது. ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு "டாக்டருக்குத் தெரிவிப்பேன்" என்று போட்டிருந்தேன். முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், புது டியூபில் நார்மல் சலைன் ஓடவிட வேண்டும், அப்புறம்தான் ஃபோன். வேலையில் என் கை தானாக அதைத்தான் செய்யும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்ததாக எழுதி வைக்கக் கூடாது என்ற பயம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்தத் தேர்வு கேட்பது நர்ஸ் என்ன செய்வாள் என்பதை.

முதல் காலத்துக்கும் வேலை உண்டு. நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். காய்ச்சல் ஃபாரன்ஹீட்டிலும் வரும், எடை பவுண்டில் வந்தால் 2.2ஆல் வகுத்துக் கிலோவாக்கிக்கொள்ள வேண்டும். லித்தியம் 1.5ஐத் தாண்டினால் நச்சு, ஹெப்பாரினுக்கு முறிவு புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. இவையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்துப் படிக்க வேண்டியவை, வேறு வழியில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் வடிவமும் மாறியிருக்கிறது. எல்லோருக்கும் மூன்று கேஸ் ஸ்டடி கட்டாயம் வரும், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். முதல் கேள்வி கவனிக்க வேண்டிய அறிகுறி எது என்று கேட்கும். அடுத்தடுத்தவை அதன் பொருள், முதன்மையான சந்தேகம், செய்யக்கூடியவை, செய்வது என்று போய், ஆறாவது கேள்வி பலன் தெரிகிறதா என்பதில் முடியும். ஒரு கேள்வியில் தப்பினாலும் அடுத்ததைச் சரியாகப் போட முடியும், அதனால் தடுமாறியதும் மனசு விட்டுவிடக் கூடாது. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்கிற வகைக் கேள்விகளில் முன்பு ஒன்று தப்பினாலும் பூஜ்யம். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த வகையில் தப்பான ஒவ்வொரு தேர்வுக்கும் ஒன்று கழிபடும். "சும்மா எல்லாத்தையும் டிக் பண்ணிடு" என்று சீனியர் அக்கா யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பணம், நாள், தூக்கம்

ஃபெயிலானால் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு எட்டு முறை வரை எழுதலாம் என்பது கூட்டமைப்பின் விதி, சில வாரியங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கின்றன. அதனால் விண்ணப்பித்த வாரியத்தின் விதியைப் படித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் மறுபடி 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலர், அதற்கு மேல் வரி. நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. தனியார் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எங்களில் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். 45ஆம் நாளே எழுதியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அனுமதிக் கடிதம் வந்தபின் அதன் காலக்கெடுவுக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். நோட்டில் மூன்றாவது காலம் மெலியத் தொடங்கும் வரை நான் தேதி எடுக்கவில்லை.

பாஸானால் மறுநாளே விமானம் என்பதும் இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அமெரிக்க வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கு மேல் பின்தங்கிக் கிடக்கிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதே தேர்வை ஏற்பதால்தான் பலர் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்லாவிட்டாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லாத இடத்தில் அவசரப்பட்டுத் தேதி எடுக்காமல் இருக்க உதவும்.

டெலிகிராம் குழுக்களில் "நேத்து வந்த கேள்வி" என்று விற்கிறார்கள். தேர்வுக் கேள்வியை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் உட்காருகிறோம், மீறினால் முடிவே ரத்தாகலாம். அதை விடுங்கள், உங்கள் திறனுக்கேற்ப உங்களுக்கென்று கேள்வி பொறுக்குகிற கணினி முன்னால் இன்னொருவருடைய கேள்வி எதற்கு உதவும்? தேர்வு முடிந்த கையோடு மறுபடி பணம் கட்டிப் பார்த்து, ஏற்றுக்கொண்டால் ஃபெயில், மறுத்தால் பாஸ் என்கிற தந்திரமும் சுற்றுகிறது. 200 டாலர் கொடுத்து ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

நைட் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து படித்தது என் தலையில் நிற்கவில்லை. தூங்கி எழுந்து மத்தியானத்தில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் உருப்படியாக வருகிறது. ஆஃப் நாளில் மட்டும் நேரம் குறித்துக்கொண்டு 85 கேள்வியை ஒரே மூச்சில் போடுகிறேன், ஃபோனை ஹாஸ்டல் அலமாரியில் வைத்துவிட்டு. தேர்வறையிலும் எல்லாம் லாக்கருக்குள்தான். பாஸ்போர்ட், உள்ளங்கை ஸ்கேன், அழித்தெழுதும் ஒரு பலகை, திரையில் ஒரு கால்குலேட்டர், அவ்வளவுதான் உள்ளே. நடுவில் இடைவேளை எடுக்கலாம், அந்த நேரமும் 5 மணி நேரத்துக்குள் கழியும். ஆனாலும் எடுங்கள். களைத்த மூளை பழைய வார்டுக்கே திரும்பிப் போகும்.

வீட்டில்

அம்மாவுக்கு இந்தத் தேர்வின் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை. "அந்த அமெரிக்கா பரீட்சை" என்கிறார். "எட்டு வருஷமா ஐசியூல உசுரக் காப்பாத்துறவளுக்கு என்னடி இன்னொரு பரீட்சை?" என்பது அவர் வாதம். மாமா வீட்டில் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏன் போச்சு? அனுபவம் இருந்ததால்தான் போனது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்தத் தேர்வு அளப்பது வேலைக்கு முதல் நாள் வருகிற ஒரு புது நர்ஸ், நோயாளிக்கு ஆபத்து இல்லாமல் முடிவெடுப்பாளா என்பதை மட்டும். நல்ல நர்ஸா என்று அது கேட்கவில்லை, எனவே இல்லை என்று அது சொல்லவும் இல்லை.

தேதி எடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் வராமல் போகலாம். போனால் இன்னோர் அறிக்கை வரும், எந்தெந்தப் பிரிவு கீழே என்று முதலில் பார்ப்பேன். மேனேஜ்மென்ட் ஆஃப் கேர் "அருகே" என்றாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் படித்த முறையில் இன்னும் ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதைத் தேடுவேன். கைடை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மட்டும் ஆரம்பிக்க மாட்டேன்.